கிச்சனர் நகரத்துக் கண்ணாடித் திரைகள்
காசு போட்டு ஆடிய விளையாட்டுப் பெட்டிகளும் அவற்றின் பழுதறிந்து திருத்திய கைகளும்

இற்றைக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், வட அமெரிக்க நகரங்களின் கடைத்தொகுதிகளிலும் சிற்றுண்டிச்சாலைகளிலும் ஆளுயர மரப்பெட்டிகள் வரிசையாக நின்றன. இருபத்தைந்து சதக் காசொன்றை இட்டால் பெட்டியினுள் இருந்த கண்ணாடித் திரை உயிர் பெறும். விண்கற்கள் பறக்கும், மஞ்சள் வட்டமொன்று வாய் திறந்து புள்ளிகளை விழுங்கும். அப்பெட்டிகளைப் பற்றி எழுதுவோர் விளையாட்டை ஆக்கியோரின் பெயர்களையே பெரிதும் குறிப்பிடுவர். விளையாட்டைக் கண்ணுக்குக் காட்டிய திரையைச் செய்தவர் யார், அது பழுதுற்றபோது திருத்தியவர் யார் என்பதை எழுதுவோர் சிலரே. ஆயினும் அப்பெட்டிகளில் இன்றும் இயங்குபவை திருத்துநர்களின் அறிவினாலேயே இயங்குகின்றன. அத்திரைகளில் பல, எம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவிலிருந்து மேற்கே சுமார் நூறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள கிச்சனர் நகரில் உருவானவை. அவ்வரலாற்றையும், அத்திரைகளின் நோயறிந்து மருந்து கொடுக்கும் கலையையும் இங்கு நோக்குவோம்.

பெயர் மாறிய நகரம்

கிச்சனரின் முன்னைய பெயர் பேர்லின். ஜேர்மானியக் குடியேற்றவாசிகள் தமது மொழியையும் கைத்தொழிலையும் உடன் கொண்டுவந்து வளர்த்த நகரம் அது. முதலாம் உலகப்போர் மூண்டபோது அவர்களது பூர்வீகமே குற்றமாகப் பார்க்கப்பட்டது. 1914இல் நகரப் பூங்காவிலிருந்த ஜேர்மானியப் பேரரசரின் சிலை பெயர்க்கப்பட்டு ஏரியில் வீசப்பட்டது. 1916 செப்டெம்பர் 1ஆம் திகதி, கடும் வாக்குவாதங்களுக்கும் வாக்கெடுப்புகளுக்கும் பின்னர், நகரின் பெயர் பிரித்தானியத் தளபதி ஒருவரின் பெயராக மாற்றப்பட்டது. பெயர் போயிற்று, கைத்தொழில் போகவில்லை.

அந்நகரில் 1907இல் ஆதர் பொலொக் என்பவர் தொடக்கிய நிறுவனமே பிற்காலத்தில் எலக்ரோஹோம் எனப் பெயர் பெற்றது. முதலில் இசைத்தட்டுப் பெட்டிகள், பின்னர் வானொலிகள், அதன்பின் தொலைக்காட்சிகள் என அது வளர்ந்தது. அவரது மகன் கால் பொலொக் காலத்தில் நிறுவனம் தொலைக்காட்சி ஒளிபரப்பிலும் காலூன்றியது. 1954இல் கிச்சனரில் ஒளிபரப்பை ஆரம்பித்த சீ.கே.சீ.ஓ. நிலையத்தின் பின்னால் நின்றவர்களுள் அவர் முதன்மையானவர். மரத்தளபாட வேலையும் இலத்திரனியல் வேலையும் ஒரே நிறுவனத்தில் இணைந்திருந்தமை அதன் சிறப்பு.

தொலைக்காட்சியிலிருந்து விளையாட்டுப் பெட்டிக்கு

கண்ணாடித் திரையின் மூலம் 1897ஆம் ஆண்டுக்குச் செல்கிறது. அப்போது ஜேர்மனியின் ஆட்சியிலிருந்த ஸ்ராஸ்பூர்க் நகரில் கால் பேர்டினன்ட் பிறவுண் என்ற பௌதிகவியலாளர், மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கங்களைக் கண்ணாற் காண்பதற்கெனக் கதோட்டுக் கதிர்க் குழாயை உருவாக்கினார். 1909இல் மார்க்கோனியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் இவரே. அரை நூற்றாண்டின் பின்னர் அக்குழாய் வீட்டுத் தொலைக்காட்சியாயிற்று.

முதலாவது வணிக வீடியோ விளையாட்டான ‘கொம்பியூட்டர் ஸ்பேஸ்’ 1971இல் வெளிவந்தது. அதன் திரை, ஜெனரல் இலெக்றிக் நிறுவனத்தின் சாதாரண 15 அங்குலக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியே. அடுத்த ஆண்டு அற்றாரி நிறுவனத்தின் அலன் அல்கோர்ண் ‘பொங்’ என்ற விளையாட்டின் மாதிரியை அமைத்தபோதும், கடையில் 75 டொலருக்கு வாங்கிய ஹிற்றாச்சித் தொலைக்காட்சி ஒன்றையே பெட்டியினுள் வைத்தார். கலிபோர்ணியாவின் சனிவேல் நகர மதுச்சாலை ஒன்றில் நிறுத்தப்பட்ட அப்பெட்டி சில நாட்களில் இயங்க மறுத்தது. அவர் சென்று திறந்து பார்த்தபோது திரையிலோ சுற்றிலோ பழுதில்லை. காசு சேர்க்கும் கலம் நிரம்பி வழிந்து, காசு செல்லும் வழி அடைபட்டிருந்தது. பழுதின் காரணம் அது தோன்றும் இடத்தில் இருக்கவேண்டியதில்லை என்பதற்கு இத்துறையின் முதற் சான்று இது.

விளையாட்டுப் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது கடைத் தொலைக்காட்சிகள் போதவில்லை. அலைவாங்கியும் ஒலிபெருக்கியும் இல்லாத, விளையாட்டுச் சுற்றிலிருந்து நேரடியாகச் சமிக்ஞை பெறும் தனித் திரைகள் தேவைப்பட்டன. மொனிற்றர் எனப்பட்ட இவற்றைச் செய்வதில் அமெரிக்காவில் சிக்காகோவின் வெல்ஸ் கார்ட்னர் நிறுவனமும் கனடாவில் எலக்ரோஹோமும் முன்னின்றன. 1979இல் அற்றாரி வெளியிட்ட ‘லூனார் லாண்டர்’, ‘அஸ்ரொயிட்ஸ்’ ஆகியவற்றின் பெட்டிகளில் எலக்ரோஹோமின் ஜீ-05 திரை பொருத்தப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் வந்த வண்ண விளையாட்டுகள் பலவற்றில் அதே நிறுவனத்தின் 19 அங்குல ஜீ-07 திரை ஒளிர்ந்தது. எல்லாமே வெற்றி என்று கூறுவதற்கில்லை. சேகா நிறுவனத்தின் 1981ஆம் ஆண்டு விளையாட்டான ‘ஸ்பேஸ் ஃபியூரி’யில் இடம்பெற்ற ஜீ-08 திரை, சூடேறி அடிக்கடி பழுதாவதில் பெயர் பெற்றிருந்தது. திருத்துநர்கள் அதனை இன்றும் அச்சத்துடனேயே அணுகுகின்றனர்.

திரை எவ்வாறு படம் வரைகிறது?

பழுதை விளங்கிக்கொள்ள முதலில் நலமாக இயங்கும் முறையை அறிதல் வேண்டும். குழாயின் ஒடுங்கிய கழுத்தினுள் ஒரு சிறு மின்னிழை கதோட்டைச் சூடாக்குகிறது. சூடான கதோட்டிலிருந்து இலத்திரன்கள் வெளிப்படுகின்றன. குழாயின் அகன்ற பக்கத்தில் இருபதினாயிரம் வோல்ற்றுக்கும் மேற்பட்ட உயர் அழுத்தம் அவற்றை முன்னோக்கி இழுக்கிறது. அவை கண்ணாடியின் உட்புறப் பூச்சில் மோதும் இடத்தில் ஒளி பிறக்கிறது. கழுத்தைச் சுற்றியுள்ள திறம்பல் சுருள்கள், காந்தப் புலத்தினால் அக்கற்றையை இடம் வலமாகவும் மேலிருந்து கீழாகவும் வளைக்கின்றன. கற்றை ஒரு செக்கனில் ஏறக்குறைய 15,750 தடவை இடமிருந்து வலமாக ஓடுகிறது; 60 தடவை மேலிருந்து கீழாக இறங்குகிறது. கண் அதனை முழுப் படமாகக் காண்கிறது.

‘அஸ்ரொயிட்ஸ்’ போன்ற விளையாட்டுகளின் திரை வேறு வகையானது. அதில் கற்றை வரிவரியாக ஓடுவதில்லை. எழுதுகோல் போல, வரையவேண்டிய கோட்டின் வழியாகவே நேராகச் செல்கிறது. கற்றை அசையாது ஓரிடத்தில் நின்றுவிட்டால் அப்புள்ளியில் பூச்சு கருகிவிடும். ஆகவே, அசைவு நின்றதும் கற்றையை அணைத்துவிடும் காவற்சுற்று ஒன்று இவ்வகைத் திரைகளில் அமைக்கப்பட்டது. அனுபவமற்றவர் இருண்ட திரையைக் கண்டு மொனிற்றர் இறந்துவிட்டதென எண்ணி அதனைக் கழற்றுவார். உண்மையில் மொனிற்றர் தன்னைக் காத்துக்கொண்டு நிற்கும்; பழுது விளையாட்டுச் சுற்றில் இருக்கும். எனவே திருத்துநரின் முதற்கேள்வி எப்போதும் ஒன்றே: நோய் திரைக்கா, அதற்குச் செய்தி அனுப்பும் பலகைக்கா? நல்ல நிலையிலுள்ள வேறொரு பலகையை இணைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

ஏன் இத்திரைகள் விரைவில் நோயுற்றன?

வீட்டுத் தொலைக்காட்சி மாலையில் சில மணித்தியாலங்கள் மட்டுமே இயங்கும். விளையாட்டுப் பெட்டியோ காலையில் கடை திறந்தது முதல் நள்ளிரவு வரை ஓய்வின்றி எரிந்தது. காற்றோட்டம் குறைந்த மரப்பெட்டியில் வெப்பம் தேங்கியது. தோற்ற இளைஞர்கள் பெட்டியைக் குத்தினர், உலுக்கினர். ஒரே படம் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றது. ‘பக்மான்’ பெட்டிகளின் திரைகள் பலவற்றில், மின்சாரம் நிறுத்தப்பட்ட பின்னரும், விளையாட்டின் சந்துபொந்துகள் நிழலாகப் பதிந்திருப்பதை இன்றும் காணலாம். அத்தழும்புக்கு மருந்தில்லை, குழாயையே மாற்றவேண்டும்.

வெப்பத்தினால் முதலிற் பாதிக்கப்படுபவை கொள்ளளவிகள், அதாவது கப்பாசிற்றர்கள். மின்னை ஏற்றுச் சேமித்துச் சீராக்கி விடும் இச்சிறு உருளைகளினுள் ஈரமான மின்பகுபொருள் இருக்கிறது. வெப்பத்தில் அது மெல்ல மெல்ல உலர்கிறது. வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் கணக்கு. ஆகையாற்றான் பழைய திரையொன்று கைக்கு வந்ததும், பழுது என்னவென்று பாராமலே இவ்வகைக் கொள்ளளவிகள் அனைத்தையும் புதிதாக மாற்றிவிடுவதைத் திருத்துநர்கள் வழக்கமாகக் கொண்டனர். 85 பாகை வெப்பத்துக்கென அமைந்தவற்றை அகற்றி, 105 பாகை தாங்குபவற்றைப் பொருத்துவது நற்பழக்கம். பதினைந்து இருபது சிறு பாகங்கள், சில டொலர் செலவு, ஒரு மாலைப்பொழுது உழைப்பு. பல திரைகள் இதனாலேயே எழுந்துவிடும்.

அடையாளங்களைப் படித்தல்

நாடி பிடித்து நோயறியும் வைத்தியரைப் போன்று, திருத்துநர் திரையில் தோன்றும் அடையாளத்தைக் கொண்டே காரணத்தை நெருங்குகிறார்.

திரையின் நடுவே ஒரே ஒரு கிடைக்கோடு மட்டும் ஒளிர்ந்தால், கற்றை மேலும் கீழும் செல்லவில்லை என்பது பொருள். செங்குத்துத் திறம்பற் சுற்றின் திரான்சிஸ்ரர்களையோ, கொள்ளளவிகளையோ, வெடித்த பற்றாசையோ பார்க்கவேண்டும். ஆராயுமுன் ஒளிர்வைக் குறைத்துவிடுவது அவசியம். இன்றேல் அக்கோடு பூச்சில் நிரந்தர வடுவாகும்.

படத்தின் ஓரங்கள் பாம்புபோல் நெளிந்தாலோ, அகன்ற நிழற்பட்டை ஒன்று மெதுவாக ஏறி இறங்கினாலோ, மின்வழங்கியின் பெரிய வடிகட்டும் கொள்ளளவி உலர்ந்துவிட்டது எனலாம்.

படம் நிற்காமல் உருண்டு ஓடினால், விளையாட்டுப் பலகையிலிருந்து வரும் ஒத்திசைவுச் சமிக்ஞை வந்து சேரவில்லை. அல்லது அதனைப் பிரித்தெடுக்கும் சுற்று தளர்ந்துள்ளது. மெலிந்த கம்பியொன்று இணைப்பிலிருந்து கழன்றிருப்பதும் உண்டு. விலையுயர்ந்த பாகத்தை வாங்குமுன் கம்பியைப் பார்ப்பவரே கெட்டிக்காரர்.

மூன்று நிறங்களுள் ஒன்று மறைந்துவிட்டாலோ, படம் முழுதும் ஒரே நிறத்தில் மூழ்கினாலோ, குழாயின் கழுத்திற் பொருந்தியிருக்கும் சிறு பலகையை நோக்கவேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திரான்சிஸ்ரர் அங்குண்டு. சூடாறிச் சூடாறிப் பற்றாசில் மயிரிழை வெடிப்பு ஏற்படும் இடமும் அதுவே. நல்ல வெளிச்சமும் உருப்பெருக்குக் கண்ணாடியும் இருந்தால் போதும். மீண்டும் பற்றாசு இட்டால் நிறம் திரும்பிவிடும்.

மூலைகளில் மட்டும் நிறம் திரிந்து திட்டுத்திட்டாகத் தெரிந்தால், உட்புற உலோகத்தகடு காந்தமேறியுள்ளது. ஒலிபெருக்கியின் காந்தம் அருகில் வந்தாலும் இது நிகழும். காந்தநீக்கச் சுருள் ஒன்றைத் திரையின்முன் சுழற்றி மெல்லப் பின்வாங்கினால் அது நீங்கும்.

ஒலியுமில்லை, ஒளியுமில்லை, உருகியும் எரிந்துவிட்டது என்றால் நோய் கடுமையானது. கிடைத்திசையிற் கற்றையை ஓட்டும் வலுத் திரான்சிஸ்ரரோ, உயர் அழுத்தத்தைப் பிறப்பிக்கும் ஃப்ளைபாக் நிலைமாற்றியோ சிதைந்திருக்கலாம். ஜீ-07 திரைகளில் இந்நிலைமாற்றி பழுதாவது பரவலாக அறியப்பட்டது. பெரிய உருகியொன்றை இட்டு மீண்டும் இயக்குவது பெருந்தவறு. பழுதைக் காட்டிய காவலனையே நீக்கிவிட்டதாக முடியும். அறிந்தோர் உருகிக்குப் பதிலாகச் சாதாரண மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைப்பர். குறுக்குச்சுற்று இருந்தால் குமிழ் பிரகாசமாக எரிந்து அபாயத்தை அறிவிக்கும். புதிதாக இட்ட பாகம் தப்பிவிடும்.

இறுதியாக, படம் மங்கி, வெள்ளை எழுத்துகள் வழிந்து பரவினால், கதோட்டு முதுமை அடைந்துவிட்டது. புத்துயிரூட்டும் கருவியினால் கதோட்டின் மேற்படிந்த கழிவை எரித்துச் சிறிது காலம் இளமை கொடுக்கலாம். அதுவும் தற்காலிகமே. சில குழாய்கள் அவ்வைத்தியத்திலேயே மடிவதும் உண்டு.

உயிரோடு விளையாடலாகாது

இதனை வாசிக்கும் இளைஞர் எவரும் பழைய திரையொன்றைத் தாமாகத் திறக்கத் துணியலாகாது. மின்னிணைப்பைக் கழற்றிய பின்னரும் குழாயின் கண்ணாடி பெரும் மின்னேற்றத்தைத் தேக்கிவைத்திருக்கும். தேர்ந்த திருத்துநர், காவலிட்ட பிடியுடைய திருப்புளியின் தண்டைக் கம்பியொன்றினால் சட்டகத்துடன் இணைத்து, உறிஞ்சிக் கிண்ணத்தின் அடியிற் செலுத்தி, அம்மின்னேற்றத்தை இறக்கிவிட்டே கைவைப்பர். குழாயினுள் வெற்றிடம் உள்ளது. கழுத்து உடைந்தால் கண்ணாடிச் சிதறல்கள் பாயும். ஜீ-07 போன்ற திரைகளின் உலோகச் சட்டகம் சுவர் மின்சாரத்துடன் தொடர்புடையது. ஆதலால் தனிமைப்படுத்தும் நிலைமாற்றி இன்றி அவற்றை இயக்குவது உயிராபத்தானது. ஒரு கையை முதுகுப்புறம் வைத்துக்கொண்டு மறுகையால் மட்டும் அளவெடுக்கும் பழக்கம், மின்னோட்டம் நெஞ்சினூடாகப் பாய்வதைத் தவிர்ப்பதற்கெனத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டது.

அறிவைக் காத்தவர்கள்

1983அளவில் விளையாட்டுப் பெட்டிகளின் பொற்காலம் சரியத் தொடங்கியது. எலக்ரோஹோம் 1980களில் வீட்டுத் தொலைக்காட்சித் தயாரிப்பைக் கைவிட்டது. 1999இல் அதன் படமெறியும் கருவிப் பிரிவு கிறிஸ்ரி நிறுவனத்திடம் சென்றது. நகரின் தொழிற்றிறன் அவ்வழியே தொடர்ந்தது. ஆயினும் விளையாட்டுத் திரைகளுக்கு உத்தரவாதம் அளிப்பார் எவரும் இல்லாது போயினர். தட்டைத் திரைகள் சந்தையைக் கைப்பற்றின. சோனி நிறுவனம் புகழ்பெற்ற திரினித்ரன் குழாய்த் தயாரிப்பை 2008இல் நிறுத்தியது. பழைய குழாய்களைத் திறந்து புதுப்பித்து வந்த பட்டறைகளும் ஒவ்வொன்றாக மூடின. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துப் பட்டறை 2010இலும், பிரான்சில் பாரிஸ் நகருக்குத் தெற்கேயிருந்த பட்டறை 2013இலும் கதவடைத்தன.

செய்தவர்கள் விலகிய பின்னர் எஞ்சியது தாள்களும் கைகளுமே. அற்றாரி போன்ற நிறுவனங்கள் பெட்டியுடன் சுற்று வரைபடங்களையும் கையேடுகளையும் வழங்கியிருந்தன. ரண்டி ஃப்ரொம் என்ற அமெரிக்கர் 1980களில் திருத்துநர்களுக்கென வகுப்புகள் நடத்தினார். ‘கழுத்து ஒளிர்கிறதா? ஆம் எனில் இங்கே செல்க. இல்லை எனில் அங்கே செல்க’ என்ற முறையில் படிப்படியாக வழிகாட்டும் வரைபடங்களை அவர் அளித்தார். பலர் அத்தாள்களை வீசாது காத்தனர், படியெடுத்துப் பகிர்ந்தனர். வீட்டுப் பாவனையிலிருந்து கழிக்கப்பட்ட தொலைக்காட்சியின் குழாயை, கழுத்தின் அமைப்பும் சுருளின் அளவும் பொருந்துமாறு தேர்ந்து, விளையாட்டுத் திரைக்கு மாற்றும் வித்தையும் அவ்வாறே பரவியது. ஒருவர் தெருவோரம் வைத்த பெட்டி இன்னொரு பெட்டியின் இதயமாயிற்று.

இதன் பயனை ஒன்ராறியோ ஏரியின் மறுகரையிலுள்ள ரொச்செஸ்ரர் நகரின் ஸ்ரோங் அருங்காட்சியகத்திலும், நியூ ஹம்ஷயர் மாநிலத்தின் லகோனியாவிலுள்ள விளையாட்டுப் பெட்டி அருங்காட்சியகத்திலும் காணலாம். அங்கு இவ்விளையாட்டுகள் கண்ணாடிப் பேழையினுள் வைக்கப்பட்ட பொருட்களல்ல, ஆடுவதற்கென இயக்கிவைக்கப்பட்டவை.

தட்டைத் திரையொன்றை அப்பெட்டியினுள் வைத்தாற் போதாதா என்று வினவலாம். விளையாட்டு இயங்கும் என்பது உண்மை. ஆனால் அவ்விளையாட்டின் படங்கள் கண்ணாடியின் மென்மையான ஒளிக்கசிவையும் வரிகளுக்கிடையிலான இருளையும் கருத்திற்கொண்டு வரையப்பட்டவை. ‘அஸ்ரொயிட்ஸ்’ திரையில் பாயும் குண்டின் கூரிய வெண்சுடரைப் புள்ளிகளாற் படம் அமைக்கும் திரை முற்றாகத் தருவதில்லை. அது கற்றை வரைந்த கோடு. குழாய் அணைந்தால் அக்கோடும் அணைந்துவிடும்.

எமது பிள்ளைகளிற் பலர் இந்நாட்டில் இலத்திரனியலும் பொறியியலும் கற்கின்றனர். புதியதை ஆக்கும் ஆற்றலைக் கல்லூரி கற்பிக்கும். பழையதன் அடையாளம் பார்த்துக் காரணத்தைத் தேடும் பொறுமையைப் பழுதடைந்த கருவியும் அதனை அறிந்த மூத்தவருமே கற்பிக்க முடியும். அவ்வாறான மூத்த திருத்துநர் ஒருவர் உங்கள் அயலில் இருப்பின் பிள்ளைகளை அவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நிலவறையிற் கிடக்கும் பழைய கண்ணாடித் தொலைக்காட்சியைக் குப்பையோடு எறியவும் வேண்டாம். அதன் கண்ணாடியில் ஈயம் கலந்துள்ளது. தேவைப்படுவோர் உளரா என விசாரியுங்கள். இல்லையெனில் மின்கழிவு சேகரிக்கும் நிலையத்திடம் கையளியுங்கள். கிச்சனர்த் தொழிலாளர் செய்த திரைகளில் இன்னும் எத்தனை ஒளிரும் என்பது, எஞ்சியிருக்கும் குழாய்களிலும் அவற்றைத் திருத்தக் கற்றுக்கொள்ள முன்வருவோரிலுமே தங்கியுள்ளது.